பால் பையில் வந்த படை

"ஜெயிக்கப்போற நேரத்துல எவனாச்சும் சமாதானம் கேப்பானாடா?" ஜீப்பைக் கிளப்பாமலே கேட்டான் பிரகாஷ்.

"பொண்டாட்டிகூட சண்டை போட்டவன் கேப்பான்" என்று பென்டிரைவை நீட்டினான் பூவரசன். "மறக்காம அந்தப் பால் பையில போட்டுடு."

பாவம், அவனும்தான் என்ன செய்வான்? ஆறு மாதத்துக்கு முன், சாமைச் சோறு குழைந்துவிட்டது என்று ஆரம்பித்த பேச்சில், "உங்கம்மா வூட்டுக்கே போயிடு" என்று வாயை விட்டுவிட்டான். காவியா அடுத்த ஜீப்பிலேயே மலையிறங்கிப் போளூர் போய்விட்டாள். போனிலும் அவனை பிளாக் செய்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரு கம்ப்யூட்டர் கேம்தான். கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போகும்போதெல்லாம் மாமியார் வீட்டுக் கூடத்தில் இருவரும் பைத்தியமாக ஆடிய பழைய கோட்டை கேம். வரைபடத்தில் ஒருவர் மாற்றி ஒருவர், ஆற அமர யோசித்துப் படையை நகர்த்தலாம். படைகள் மோதிவிட்டாலோ ஆற அமர எல்லாம் செல்லாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டளை கொடுக்க வேண்டும்.

பாதியில் நின்ற ஆட்டத்தைப் பென்டிரைவில் ஏற்றி, சனிக்கிழமைதோறும் மூட்டைகளோடு போளூருக்கு இறங்கும் பிரகாஷிடம் கொடுத்தனுப்பினான். மாமியார் வீட்டு கேட்டில் தொங்கும் பால் பையில் அதைப் போட்டுவிட்டு வந்தான் பிரகாஷ். அடுத்த சனிக்கிழமை அதே பையில் பென்டிரைவ் காத்திருந்தது. திறந்து பார்த்தால், அவள் படை ஆற்றைத் தாண்டியிருந்தது! அன்று பூவரசன் சாப்பிடக்கூட மறந்துபோனான்.

"பார்த்தியா, அவளுக்கு எம்மேல இன்னும் பாசம் இருக்குதுடா" என்று பிரகாஷைக் கட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து வாரா வாரம் போர். இப்போது சமாதானம் கேட்டுவிட்டான். கேமில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அவள் சம்மதித்தால் போய்க் கூட்டிவருவது, மறுத்தால் இனி அவளைத் தொந்தரவு செய்வதில்லை என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை வந்த பென்டிரைவில், சம்மதம்!

மறுநாள் காலையில் பலாப்பழமும் கையுமாகப் போளூரில் நின்றான். கதவைத் திறந்த காவியா முகங்கொடுக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

"நீதானே சமாதானத்துக்கு ஒத்துக்கினே?"

"இன்னா சமாதானம்?"

"நம்ம கேம்லதான். ஆறு மாசமா வாரம் தவறாம ஆடுறியே..."

"நானா? மொத வாரம் வந்த பென்டிரைவையே குப்பையில வீசிட்டேன். அதோட சரி."

ஆறு மாதமாக யாரை நம்பி நாளை ஓட்டினோம்? பலாப்பழத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினான் பூவரசன்.

"காவியா, மாப்ளைய நிக்கச் சொல்லு."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் சாந்தம்மாளின் குரல். கல்யாணமாகி இந்த நாலு வருடத்தில், மருமகன் எதிரே வந்து நின்று ஒரு வார்த்தை பேசாத மனுஷி.

"ஒரு வாரம்கூட அவரு தவறலடி, நம்பிக் கெளம்பு. ஆனா மாப்ளைகிட்ட ஒண்ணு சொல்லிடு, உனக்காகத்தான் நான் சமாதானத்துக்கு ஒத்துக்கினேன், இல்லன்னா வர்ற சனிக்கிழம அவரு கோட்டை எங்கையில!"