பத்து வருஷம் உள்ளே!

"இடிச்சவனைவிட, காரைக் கழுவி மறைக்கறான் பாருங்க, அவன்தான் பெரிய அயோக்கியன்!"

நிலைக்கண்ணாடி முன் நின்று கர்ஜித்தார் மகாதேவன். அமெரிக்காவில் பிஸ்கட்டவே ஊர்த் தமிழர் நலக் கழகத்தின் தலைவர். கோட்டுக்கு மேல் கழகத்துச் சால்வை வேறு.

கழகத்துப் பையன் மதனின் அப்பா சுப்பையன், பொள்ளாச்சியிலிருந்து மகனைப் பார்க்க வந்தவர். அமெரிக்காவிலும் பச்சைக் கரை வேட்டியை விடாதவர். போன வாரம் சாயங்காலம் நடக்கப் போனவரை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இன்னும் கண் விழிக்கவில்லை. கார் அகப்படவும் இல்லை.

குற்றத்தின் தடயத்தை மறைப்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்ட ஒரு மசோதா வந்திருக்கிறது. இன்று மாநிலத் தலைநகர் டிரன்டனில் அதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். மகாதேவன் விடுவாரா?

"எவனோ ஒருத்தன் ரத்தத்தைப் பார்த்திருப்பான். பார்த்துட்டு ஹோஸைப் பிடிச்சிருப்பான். பெத்த அப்பனா இருந்தா என்ன? பத்து வருஷம் உள்ள போடு!"

"பாவம், தெரியாம கழுவியிருந்தா?" என்றாள் மனைவி கலாவதி.

"தெரியாம என்னடி தெரியாம? காரு என்ன தக்காளிச் சட்னியில குளிச்சுட்டா வந்துது? என்ன ஏதுன்னு கேக்க வேணாம்? 'எனக்குத் தெரியாதுங்க'ன்னு சொல்றவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சேத்துப் போடணும்!"

"இதெல்லாமா பேசப் போறீங்க?"

"டிவிக்காரங்க வராங்க. பிரணவைக் கிளம்பச் சொல்லு. அப்பன் பேசறதை வீடியோ எடுக்கட்டும்."

"ஐம் நாட் கமிங், டாட்!" மாடியிலிருந்து மகனின் குரல் கம்மலாக வந்தது.

"பாத்தியா? ஊர்ல அநியாயம் நடந்தா இந்தப் பசங்களுக்கு ரத்தம் கொதிக்கவே கொதிக்காது!"

வாசலில் ஹாரன் சத்தம். அவரை அழைத்துப் போக மதனே வந்துவிட்டான்.

கலாவதி நகரவில்லை. "ஏங்க, போன வாரம் பிரணவ் மானை இடிச்சுட்டேன்னு அழுதுகிட்டே வந்தானே..."

"அதுக்கென்ன இப்ப? வாயில்லா ஜீவன். புள்ளைக்குப் பாவம் ஒட்டக் கூடாதுன்னு நான்தானே மஞ்சத்தண்ணி விட்டுக் காரைக் கழுவினேன். எலுமிச்சம்பழம்கூடச் சுத்திப் போட்டேனே!"

"பம்பர் இடுக்கை விட்டுட்டீங்க." கலாவதி மூடியிருந்த கையைத் திறந்தாள். கிழிந்த துணி ஒன்று. வெள்ளை. ஓரத்தில் பச்சைக் கரை. "மான் எப்பங்க வேட்டி கட்டுச்சு?"

மறுபடியும் ஹாரன்.

மகாதேவன் துணியை வாங்கினார். பேச்சு எழுதியிருந்த தாளில் வைத்து, கரை வெளியே தெரியாமல் சுருட்டினார். கர்ஜனை போன இடம் தெரியவில்லை.

"கலா... குப்பை வண்டி இன்னிக்குத்தானே வரும்?"