துயரத்தோடு அறிவிப்பவர்கள்

"செத்தவங்கள எதுக்கு படம் புடிக்கிற?"

நசரேனோ கேட்ட வேகத்தில் அந்தப் பெண் கைபேசியைக் கீழே போடப் பார்த்தாள்.

கோட்டை வாசலை ஒட்டிய சுவர் அது. ஊரில் யார் செத்தாலும் கருப்புக் கரை போட்ட தாள் ஒன்று அங்கே ஏறும். நசரேனோவுக்கு எண்பத்து நாலு வயது. தினமும் இரண்டு வேளை வந்து அதைப் படிப்பார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். செத்தவர் பேரைப் பெரிதாகத்தான் போடுவார்கள், அதனால் சிரமமில்லை.

மதியம் இரண்டு மணி. கடைகளை இழுத்துச் சாத்திவிட்டார்கள். ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரத்தில் வீதியில் திரிவது நாயும் வெளியூர்க்காரனும்தான்.

பேர் மலேனாவாம். பக்கத்துப் பெருஜா நகரத்தில் படிக்கிறாளாம். காலையில் அசிசி, அப்புறம் ஸ்பெல்லோ, மூன்றாவதாக இந்த ஊர். கூட வந்த பிள்ளைகள் மேலே பழைய கோயிலைப் பார்க்கப் போய்விட்டார்கள். மூன்றரைக்கு பஸ்.

"நீ போகலியா? அங்க சாமி படமெல்லாம் இருக்கே."

"சாமி படம் காலையிலருந்து பாத்து கழுத்து வலிக்குது, ஐயா. எனக்கு இங்கதான் வேலை. இந்தச் சுவத்துல ஒண்ணு ஒட்டணும்."

"இது எங்க ஊர்ச் சாவுக்கு."

"எங்க தாத்தாவும் இந்த ஊர்தான். போன மாசம் செத்துட்டாரு. அர்ஜென்டினாவுல, ரொசாரியோவுல. செத்திமியோ பர்த்தோச்சினி."

நசரேனோவின் அண்ணன்.

ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். பனிக்காலத்தில் அம்மா தணல் சட்டியைப் போர்வைக்குள் வைத்து எடுப்பாள். சூடேறிய பக்கம் தம்பிக்கு. செத்திமியோ ஜில்லென்ற சுவர்ப் பக்கம் சுருண்டுகொண்டு, சைக்கிள் பந்தயத்தை வாயாலேயே ஓட்டிக் காட்டுவான். மலையேற்றம், மழை, பஞ்சர், எவனோ பள்ளத்தில் விழுவது, கூட்டம் கத்துவது எல்லாம் அந்த ஒரு வாயில் வரும். எந்தப் பந்தயமானாலும் கடைசியில் ஜெயிக்கிறவன் நசரேனோதான். ஒரு தடவைகூட அண்ணன் தன் பேரை ஜெயிக்கவிட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினான்.

அப்பா செத்த வருஷம் ஒரு கடிதம் போட்டான். 'வீட்டை என்ன செய்யலாம்?' வீட்டில் பாதி அவன் பேரில். பதில் போட்டால் விற்றுப் பணம் அனுப்பு என்பான். நசரேனோ பதில் போடவில்லை. அதற்கப்புறம் கடிதமும் வரவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அந்த நாளிலிருந்து வாசலில் வெளியூர்ச் செருப்புச் சத்தம் கேட்டாலே அவர் கதவைத் தாழ் போட்டுவிடுவார். அர்ஜென்டினாவிலிருந்து வருகிற பேரன் பேத்திகளைப் பற்றி அவருக்குத் தெரியாததா? முதலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்பார்கள். அடுத்து, இந்த ஊர் வம்சம் என்று காட்டி இந்த நாட்டு பாஸ்போர்ட். அடுத்து, வீட்டில் பங்கு கேட்டு வக்கீல்.

"பாஸ்போர்ட்டுக்கா வந்த, வீட்டுக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டும் இல்ல. படிப்பு ஜூன்ல முடியுது, ஊருக்குப் போயிருவேன். 'அந்தச் சுவத்துல பேர் ஏறலன்னா நான் செத்தேன்னு எவன் நம்புவான்'னு தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதுக்குத்தான் வந்தேன். ஆமா, அவருக்கு நசரேனோன்னு ஒரு தம்பி இருக்காராம். வீடு எதுன்னு தெரியுமா, ஐயா?"

"அவனா? அவன் செத்து வருஷமாச்சு."

வாய் முந்திக்கொண்டது.

அவள் முகம் விழுந்துவிட்டது. பைக்குள்ளிருந்து சுருட்டிய தாளை எடுத்துக் கல் திண்டின் மேல் விரித்தாள். கருப்புக் கரை. சிலுவை. அண்ணன் பேர்.

"தாத்தாவே எழுதி வெச்சுட்டுப் போனது இது. நான் அச்சடிச்சதோட சரி. பாட்டிக்கு இதப் பாத்ததும் வந்த கோவம் இருக்கே, ரெண்டு நாள் சாப்பிடல."

கோபத்துக்குக் காரணம் நசரேனோவுக்கு உடனே பிடிபடவில்லை. குனிந்து விரல் வைத்துப் படித்தார்.

கீழே, துயரத்தோடு அறிவிப்பவர்கள். அதற்கென்று ஒரு வரிசை உண்டு. மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப் பிள்ளைகள். கூடப் பிறந்தவர்கள் அப்புறம்தான். முறை மாறிப் போனதற்காகச் சவப்பெட்டிக்கு முன்னாலேயே அடித்துக்கொண்டவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

தம்பி நசரேனோ.

அதற்குக் கீழேதான் மனைவி.

மலேனா பேனாவை எடுத்தாள். "செத்தவங்க பேரு இதுல இருக்கக் கூடாதுன்னு அச்சாபீஸ்ல சொன்னாங்க. அடிச்சுடுறேன்."

பேனா முனை முதல் எழுத்தின் மேல் போய் நின்றது.

ஒரே ஒரு கோடு. அவ்வளவுதான். அந்தக் கோடு விழுந்துவிட்டால் இவள் பஸ் ஏறிவிடுவாள், வீடு முழுசும் அவருடையது. கேட்க நாதி கிடையாது.

நசரேனோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடிக்காத."

அவள் அவரையே பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். தாத்தாவின் மூக்கையா, காதையா, எதை அவர் முகத்தில் பார்த்தாளோ, கண் நிறைந்துவிட்டது.

"அழாத. எதுல ஒட்டப் போற? பள்ளிக்கூடத்துப் பசையா? ஒரு மழைக்குத் தாங்காது. மாவு காய்ச்சணும். வா வீட்டுக்கு."

"பஸ்ஸு?"

"பஸ்ஸு நாளைக்கும் வரும்." அவர் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். "அவன் பங்கு மேல் ரூம்பு ரெண்டும் பூட்டித்தான் கெடக்கு. வருஷா வருஷம் சுண்ணாம்பு மட்டும் அடிச்சு வெக்கிறேன்."