நண்பகல் ஓய்வு

என் பழைய சைட் ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மான் அனுப்பியிருந்த போட்டோவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

முசஃபா கட்டட சைட்டில் மதிய பிரேக். நிழலுக்குக் கட்டிய வலையடியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, என் தங்கை அகிலாவின் புருஷன் கார்மேகம் மட்டும் சுவரில் சாய்ந்து வாய் பிளந்து தூங்குகிறான். கீழே ஒரு வரி: 'புது மாப்பிள்ளை தூக்கம்'.

தூங்கட்டும். அவனை இங்கே வரவழைத்தவன் நான்தான். வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. பிரேக்கில் தூங்குகிறவனை எழுப்ப எங்கள் ஆட்களில் யாருக்கும் மனசு வராது.

எனக்கு அபுதாபியில் ஒரு மியூசியத்தில் படம் மாட்டும் வேலை. நான்கு வருடம் சைட்டில் காய்ந்த பிறகு கிடைத்த ஏசி.

இன்று வந்தது ஒரு நீர்வண்ணப் படம். வெளிச்சம் படக் கூடாதென்று கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். துணியை விலக்கினேன்.

வரைந்தவர் இருநூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரர். புயல், உடைந்த கப்பல் என்று பெரிது பெரிதாக வரைகிறவராம். இது கை பழகப் போட்டது. அறுப்பு வயல், ஒரு மரத்தடி, குடியானவர்கள் ஆறு பேர். அட்டையில் தலைப்பு: நண்பகல் ஓய்வு.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் கண்ணில் பட்ட எதையும் விடவில்லை. கழுத்தடியிலும் கக்கத்திலும் வியர்வை ஈரத்தைக்கூடச் சட்டை சட்டையாகத் தீட்டியிருந்தார்.

ஐந்து பேர் சட்டையில்.

ஆறாவது ஆள் மரத்தில் சாய்ந்து வாய் பிளந்து தூங்குகிறான். முகம் செங்கல் நிறம். சட்டை காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் உதட்டில் விரல் வைத்து மற்றவர்களை அடக்குகிறாள்.

சைட்டில் சேர்ந்த முதல் நாளே சேஃப்டி வகுப்பில் சொல்வார்கள்: இந்த வெயிலில் ஒருவனுக்கு வியர்வை நின்றுபோனால் அது தூக்கம் இல்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடு.

ஓவியருக்கு அதை யாரும் சொல்லவில்லை. செத்துக்கொண்டிருந்தவனைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக வரைந்திருக்கிறார்.

போனை மறுபடி எடுத்தேன். போட்டோவை விரலால் பெரிதாக்கினேன்.

சுற்றியிருந்தவர்களின் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. கார்மேகத்தின் சட்டை உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது.

போட்டோ வந்தது பன்னிரண்டு ஐம்பதுக்கு. இப்போது மணி ஒன்றரை.

கூப்பிட்டேன். "பாய், கார்மேகத்தை எழுப்புங்க! உடனே எழுப்புங்க!"

கலீல் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஷ்ஷ்... மெதுவாப் பேசுங்க விமல். பாவம், அசந்து தூங்குறாப்ல. தண்ணி குடிக்கச் சொல்லி எழுப்ப வந்தவனைக்கூட நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."