முடியாது சார்

"சைட் எங்கே சார்? நேத்து சாயங்காலம்கூட நல்லா ஓடிட்டிருந்துதே!"

மூச்சிரைக்க சர்வர் அறைக்குள் நுழைந்தாள் அந்த விரிவுரையாளர். கல்லூரியின் ஆய்விதழை இணையத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவளுடையது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை அவளே இறக்கி, அவளே சர்வரில் போட்டு, கட்டுரைகளையும், அவை தேறுமா என்று ஆசிரியர்கள் எழுதிய மதிப்பீடுகளையும் ஏற்றியிருந்தாள். நாளைக்குத் தொடக்க விழா.

"நான்தான் நிறுத்தினேன்," என்றார் சர்வரைக் கவனிப்பவர். யார் என்ன கேட்டாலும் மறுப்பதால், கல்லூரியில் அவருக்கு 'முடியாது சார்' என்றே பெயர்.

"எதுக்கு?"

"சைட்டை ஓட்டுற பி.ஹெச்.பி. புரோகிராம் சர்வர்ல பழசு. டேட்டாபேஸ் அதைவிடப் பழசு. என்னென்ன வேணும்னு சாஃப்ட்வேர்காரங்களே எழுதி வெச்சிருக்காங்களே, படிச்சீங்களா மேடம்?"

"அதான் ஓடுச்சே!"

"பிரேக் இல்லாத வண்டியும்தான் ஓடும்."

"விழா முடிஞ்சதும் சரி பண்ணிக்கலாமே சார்?"

"முடியாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் போலிருக்கே! நேராகப் பிரின்சிபாலிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள்.

அவர் சர்வர்காரரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"ஓடிட்டிருந்ததை எதுக்கு நிறுத்தினீங்க?"

"சர்வர் பழசு சார். முன்னாடியே நான் பார்த்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

நல்லா வேணும்! அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

பிரின்சிபால் விடவில்லை. "இந்த இதழே எனக்குத் தலைவலி! ஊக்கமா இருக்கட்டும்னு நானும் ஒரு கட்டுரை அனுப்பினேன். என் பேரை மறைச்சுத்தான் மதிப்பீட்டுக்குப் போச்சு. எவனோ ஒருத்தன், 'இதை எழுதியவர் மறுபடி முதலாம் ஆண்டில் சேரலாம்'னு எழுதியிருக்கான்! ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கு!"

குளுகுளுப்பு போய் அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. அது அவள் எழுதிய வரி.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார்... நாளைக்கு விழா?"

"ஜாம்ஜாம்னு நடக்கும். பழசையெல்லாம் மாத்திட்டே இருக்கேன், சாயங்காலம் சைட் வந்துடும்."

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே? எதுக்கு அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு நின்னீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பழசுங்கிறதுக்காக நான் நிறுத்தலைம்மா. ஃபைல்களைப் போடுற ஃபோல்டர் சைட்டுக்கு வெளியே இருக்கணும். நீங்க உள்ளேயே வெச்சுட்டீங்க, யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம். நல்லவேளை, வேற யாரும் திறக்கலை, பார்த்துட்டேன். காலையில நான் திறந்ததும் முதல்ல கண்ணுல பட்டது, 'முதலாம் ஆண்டில் சேரலாம்'ங்கிற அந்த மதிப்பீடுதான்... கீழே கொட்டை எழுத்துல உங்க பேரு!"