எந்த டூல் தேவலை?

"திருட்டு சாஃப்ட்வேர் இனி நம்ம அச்சகத்துல வேண்டாம்மா. இந்த ரெண்டும் ஓப்பன் சோர்ஸாம், ஆன்லைன்ல ஓசியிலயே கிடைக்குதாம். டிசைன் பண்ணிப் பாத்து எது தேவலைன்னு சொல்லு."

முதலாளி அய்யாதுரை சொல்லிவிட்டுப் போனார்.

சிவகாசியில் அந்தக் காலண்டர் அச்சகத்துக்கு அருணாதேவி ஒருத்திதான் டிசைனர். ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவ லீவு முடிந்து வரும்போது தன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்களோ என்று கொஞ்ச நாளாகவே பயம்.

முதல் டூலைத் திறந்தாள். அருமையாக இருந்தது. எங்கிருந்து வேண்டுமானாலும் திறந்து வேலை செய்யலாம்.

இரண்டாவது, ஆபீஸ் நெட்வொர்க்கை விட்டு வெளியே திறக்காது. படம் கொஞ்சம் பெரிதானாலே திணறியது.

மாலையில் அய்யாதுரை வந்தார்.

"மொதலாவதுல வெளியில இருந்துகிட்டே வேலை பாக்கலாமாமே, நெசமா?"

"ஆமா அண்ணாச்சி."

"சாதாரண லேப்டாப் போதுமா?"

"போதும்..."

"அப்ப ஆளு இங்கன வந்து உக்காரணும்னு இல்ல!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அருணாதேவிக்குப் பகீரென்றது. மதுரையிலோ சென்னையிலோ யாரையோ பார்த்து வைத்துவிட்டார்!

"ஆனா அண்ணாச்சி, அதுல தமிழ் எழுத்து உடையுது" என்றாள் சட்டென்று. "கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாப் போயி விழுது."

"அய்யய்யோ! சாமி பேரு தப்பா வந்தா அம்புட்டு லோடும் திரும்பி வந்துருமே! நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்." ஓர் எழுத்தும் உடையாமல் தெரிந்த திரையை மெல்ல மூடினாள். அவர் கவனிக்கவில்லை.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டாவதே போட்டுருவோம்."

அங்கேயே நின்று கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார். அருணாதேவிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அய்யாதுரை தன் அறைக்குள் போய், பிரிக்காத புது லேப்டாப் பெட்டியோடு வெளியே வந்தார்.

"இதைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துர வேண்டியதுதான். பிரசவம் முடிஞ்சு, நீ பிள்ளையப் பக்கத்துல போட்டுக்கிட்டு உங்க நாரணாபுரத்து வீட்ல இருந்தே வேலை பாக்கலாமேன்னு வாங்கினேன்மா."