அருமையான டிராக்

“எனக்கு இது ஒரு பொம்மை மாதிரி சிஸ்டர். ஞாயித்துக்கிழமை வெளிய எடுப்பேன், மேடு பள்ளத்துல நாலு உருட்டு உருட்டுவேன், திரும்பக் கொண்டுவந்து விட்டுருவேன். அவ்வளவுதான்.”

மெயின் ரோட்டில் நிறுத்தியிருந்த பழைய ஜீப்பைச் சுற்றி வந்துகொண்டே சொன்னார் வாங்க வந்தவர்.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. பொம்மையாம், பொம்மை! தெருமுனைக்கு மேல் ஆம்புலன்ஸ் வர மறுத்ததால்தான் அவள் இந்த ஜீப்பையே வாங்கினாள். மூன்று வருடத்தில் இரண்டு பிரசவம், ஒரு மாரடைப்பு, கணக்கில்லாத காய்ச்சல்கள். ஒரு குழந்தை பின் சீட்டிலேயே பிறந்துவிட்டது. அந்த சீட்டைத்தான் இந்த மனிதர் இப்போது அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து குனிந்து, அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டினார். “துரு இல்ல, பரவாயில்ல. ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யுதா, இல்ல சும்மா பேருக்கு இருக்கா?”

“தினமும் போடறேன் சார்.”

“தினமுமா? அப்ப நீங்களும் நம்ம கட்சிதான்!” என்று சிரித்தார்.

தன் புதுக் காரை மர நிழலில் பூட்டிவிட்டு வந்து, அவரே ஜீப்பை ஓட்டினார். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தெருவுக்குள் வண்டி நுழைந்தது என்று சொல்ல முடியாது. இறங்கியது. இருபுறமும் புதர் மண்டிய காலி மனைகள். வீடுகள் எல்லாம் கடைசியில், திருப்பத்துக்கு அந்தப் பக்கம். முதல் பள்ளத்திலேயே ஜீப் குப்புற விழப்போவது போல் சாய்ந்து, உறுமிக்கொண்டு மேலே ஏறியது. அடுத்தது சேறு. அதற்கடுத்து, ஜல்லியை யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன மேடு.

“அடேயப்பா!” என்று கத்தினார் அவர். “ஊருக்குள்ளயே ஜீப்பை உருட்டி விளையாட இப்படி ஒரு டிராக்கா! பள்ளம், சேறு, கல்லு, எல்லாம் அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கே. யாரு போட்டது சிஸ்டர்? அந்த ஆளுக்குக் கை குடுக்கணும்!”

‘இது டிராக் இல்லைடா, நான் குடியிருக்கிற தெரு’ என்று கத்த நர்ஸுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். அடுத்த வாரம் மாறப்போகும் வாடகை வீட்டில் ஜீப் நிறுத்த இடமில்லை. இந்த ஆளும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் வண்டி விற்காமல் அவள் தலையிலேயே நின்றுவிடும்.

“யாருன்னு தெரியல சார்” என்றாள். “தெரிஞ்சா சொல்றேன்.”

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “டிராக் பக்கத்துலயே வீடு. குடுத்து வச்சவங்க நீங்க!”

கூடத்தில் அவள் கணவர் மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அளவெடுத்து வைத்த அதே முதல் பள்ளத்தில்தான் சைக்கிளோடு விழுந்தார். வந்தவரை உட்கார வைத்துவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். கணவரும் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

“கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இரேன்” என்றார் மெதுவாக.

“டிராக்காம் டிராக்கு! போட்டவனுக்குக் கை குடுக்கணுமாம்! எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு...”

“விடும்மா. பாவம், அவருக்கு என்ன தெரியும்?”

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கடிதம் காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. சாலை போடச் சொல்லி அவள் நான்கு முறை மனு கொடுத்தபின் நகராட்சி அலுவலகத்திலிருந்து வந்த ஒரே பதில். ‘தங்கள் தெரு நேரில் பார்வையிடப்பட்டது. தார்ச்சாலை நல்ல நிலையில் உள்ளது.’ பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதைப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அது வந்த அன்றுதான், பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அன்று அவள் அழுததை நினைத்தால் இப்போது கோபம்தான் வந்தது.

வந்தவர் ஜீப் சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். “வண்டி எனக்குப் பிடிச்சுப்போச்சு. வாரம் பூரா ஏசி ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போட்டுப் போட்டு விரலே தேயுது சிஸ்டர். ஞாயித்துக்கிழமையாவது உடம்பு குலுங்க வேணாமா? எங்க, அந்த ஃபாரத்தைக் குடுங்க.”

கணவர் விற்பனைப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். வந்தவர் எதையும் படிக்கவில்லை. காட்டிய இடத்தில் சர்ரென்று ஒரு கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

நர்ஸ் அதைப் பார்த்தாள். கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல் ஒரு நெளிகோடு, அதன் கீழே இரண்டு புள்ளி.

எழுந்து போனாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டு வந்து, படிவத்தின் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே நெளிகோடு, அதே இரண்டு புள்ளி.

“டிராக் போட்டது யாருன்னு தெரிஞ்சா சொல்றேன்னேனே சார், தெரிஞ்சுபோச்சு” என்றாள், ஜீப் சாவியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டே. “உங்க கையை நீங்களே குலுக்கிக்குங்க. வண்டி விக்கறதுக்கில்ல. கார் வரைக்கும் நடந்தே போங்க. அப்படியே தெருவை நேர்லயும் பார்வையிட்டுருங்க!”