தேடலில் முதலிடம்

மக்கள் இந்த நொடியில் எதைத் தேடுகிறார்களோ, அதை முதல் ஆளாகச் செய்தியாக்குவதுதான் எங்கள் இணையதளத்தின் பிழைப்பு. அன்று காலை நேரலைத் தேடல் பட்டியலில் எங்கள் போட்டோகிராபரின் பெயர் ஏறியது. அவன் எப்படி இறந்தான் என்று நாலாயிரம் பேர் தேடினார்கள். என் தங்கை புருஷனான அவன், பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"போடுங்க மச்சான், நமக்கு ஆயுசு கெட்டி," என்று சிரித்தபடி, மரணச் செய்தியில் நான் தப்பாக அடித்த வயதையும் திருத்தினான்.

பத்தே நிமிடத்தில் எங்கள் பக்கம் முதலிடம் பிடித்தது. மதியம் ஆசிரியர் முகம் சுருங்கியது.

"பொய்ச் செய்தின்னு தெரிஞ்சா, தேடல் கம்பெனிக்காரங்க சாயங்காலமே நம்மள கடைசிக்குத் தள்ளிடுவாங்கப்பா."

செய்தியை அழித்துவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். தேடுவோர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது. சொல்லவில்லை.

ஆசிரியர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

"என்ன மச்சான், எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றான் அவன்.